மசில் கார் எஞ்சினின் ஒரிஜினல் ஃபேக்டரி பூச்சைக் கெடுக்காமல் காப்பாற்றுவது எப்படி

ஐம்பது வருடத்துக்கும் மேலாக எஞ்சினை யாரும் கழற்றாத ஒரு செவெல், ஒரு ஜிடிஓ, ஒரு ரோட் ரன்னர் என்று, அறுபது எழுபதுகளின் பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்கக் கார் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பானட்டைத் தூக்கினால் கிரீஸும் புழுதியும் சேர்ந்து கறுப்புத் தோல் போல எல்லாவற்றையும் மூடிக் கிடக்கும். பார்த்தவுடன் கை கிரீஸைக் கரைக்கும் டிகிரீசர் பாட்டிலுக்கும் பிரஷர் வாஷருக்கும்தான் போகும். தயவுசெய்து வேண்டாம். அந்த அழுக்குக்கு அடியில் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அப்படியே இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, இத்தனை வருடம் ஈரம் படாமல் அதைக் காத்ததே அந்த எண்ணெய் அழுக்குதான்.

நான் இதை ஒரு கார்புரேட்டரைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 1970 செவெலில் இருந்த ஹோலி கார்புரேட்டர் அது, அழுக்குக்குள்ளேயும் லேசான தங்க நிறம் தெரிந்தது. கடையில் கிடைத்த காரமான டிகிரீசரை அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டேன். கழுவிப் பார்த்தால் அழுக்கும் போயிருந்தது, தங்க நிறமும் போயிருந்தது, வெளிறிய சாம்பல் நிற உலோகம்தான் மிச்சம். அதை இன்று மறுபடி முலாம் போட முடியும், ஆனால் அது புது முலாம்தான். அன்றைக்குப் போனது திரும்பி வராது. இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாமே அந்த ஒரு வருத்தத்திலிருந்து வந்தது.

முதலில் உங்கள் கண் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் என்றால் ஒரே நிறப் பெயின்ட் என்று நினைப்போம். பிளாக்கின், அதாவது எஞ்சினின் முக்கிய வார்ப்பு உடலின், நிறம் ஒரு பகுதிதான். ஷெவர்லே என்றால் ஆரஞ்சு, 1966 முதல் ஃபோர்டு என்றால் அடர் நீலம், பாண்டியாக் என்றால் வெளிர் நீலச் சாயல், கிரைஸ்லரின் ஸ்ட்ரீட் ஹெமி எஞ்சின் என்றால் அதற்கே உரிய ஆரஞ்சு. இதைத் தவிர பிரேக் பூஸ்டரில் மஞ்சள் தங்கச் சாயல் உள்ள முலாம், பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் பூச்சே இல்லாத வார்ப்பிரும்பு, ஆல்டர்னேட்டரில் வெறும் அலுமினியம், பவர் ஸ்டியரிங் பம்பில் பாதிப் பளபளப்புள்ள கறுப்பு, போல்ட்டுகளில் பாஸ்பேட் பூச்சு அல்லது துத்தநாக முலாம், சில இடங்களில் காட்மியம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும். ஆகவே ஒரே பாட்டிலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் துடைப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, தொழிற்சாலை ஒன்றும் நகைக்கடை இல்லை. ஷெவர்லே எஞ்சின்களைப் பூட்டி முடித்த பிறகுதான் பெயின்ட் அடித்தார்கள். அதனால் எஞ்சினுக்குள் காற்றையும் எரிபொருளையும் கொண்டுபோகும் வார்ப்பிரும்பு இன்டேக் மேனிஃபோல்ட், அதன் போல்ட் தலைகள், கேஸ்கெட்டின் ஓரம் எல்லாவற்றிலும் ஆரஞ்சு ஏறியிருக்கும், சில மூலைகளில் பெயின்ட் எட்டாமல் வெறும் இரும்பு தெரியும், வழிந்து காய்ந்த சொட்டுகூட இருக்கும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஓரத்தில் தெறித்த ஆரஞ்சு முதல் சூட்டிலேயே பெரும்பாலும் எரிந்து போய்விடும். இதையெல்லாம் குறை என்று நினைத்துச் சரிசெய்யக் கை நீட்டாதீர்கள். ஒரு போல்ட் தலையும் அதன் அடியில் உள்ள உலோகமும் ஒரே பெயின்ட் படலத்தால், விரிசல் இல்லாமல், ஒட்டியிருந்தால் அந்த போல்ட்டை யாரும் திருப்பியதே இல்லை என்று அர்த்தம். எந்த ரசீதும் அந்த அளவுக்குச் சாட்சி சொல்லாது.

துடைக்கும் முன் படம் எடுங்கள். சும்மா இரண்டு மூன்று இல்லை, நூறு இருநூறு. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்தால் மங்கிய குறிகள் எழுந்து தெரியும். தேடவேண்டியவை: தொழிற்சாலைப் பரிசோதகர்கள் வைத்த பெயின்ட் பொட்டுகள், கிரீஸ் பென்சிலில் கிறுக்கிய எண்கள், மை முத்திரைகள், ஏர் கிளீனர் மூடியின் ஸ்டிக்கர், ஹோஸ் கிளாம்ப் எந்தப் பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்பது. ஸ்பார்க் பிளக் வயரில்கூட எந்தக் காலாண்டு, எந்த வருடம் என்று அச்சடித்திருப்பார்கள். ஷெவர்லே என்றால், பயணி பக்கம் (அமெரிக்கக் காரில் அது வலது பக்கம்) சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறு தட்டையான இடம் இருக்கும், எஞ்சின் எண் குத்தியிருப்பது அங்கேதான். அந்த இடத்தில் எண்களோடு இயந்திரம் சீவிய மெல்லிய இணைகோடுகளும் தெரியவேண்டும். எண்ணைத் தெளிவாகப் படிக்கவேண்டும் என்று உப்புத்தாளோ வயர் பிரஷ்ஷோ போட்டால் கோடுகள் அழியும், அதன் பிறகு உங்கள் உண்மையான எஞ்சினையே போலி என்று சந்தேகப்படுவார்கள். அங்கே கொஞ்சம் எண்ணெயும் மெல்லிய துணியும் போதும்.

சரி, இனி சுத்தம் செய்வது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், கராஜ் கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் எரிகிற வாட்டர் ஹீட்டரோ அறை ஹீட்டரோ இருக்கக் கூடாது. நான் பயன்படுத்துவது மினரல் ஸ்பிரிட்ஸ், பெட்ரோலியத்திலிருந்து வரும் மென்மையான கரைப்பான், அதுவும் தீப்பிடிக்கும் பொருள்தான். கனத்த கிரீஸை முதலில் மரக்குச்சியாலோ மழுங்கிய பிளாஸ்டிக் துண்டாலோ அடுக்கடுக்காக எடுங்கள், உலோகம் எதுவும் வேண்டாம். அடியில் மெல்லிய படலம் மிஞ்சும்போது நிறுத்திவிட்டு, மினரல் ஸ்பிரிட்ஸில் நனைத்த மென்மையான பிரஷ்ஷுக்கும் பஞ்சுக் குச்சிக்கும் மாறுங்கள். ஒரு தடவைக்கு உள்ளங்கை அளவு இடம். குச்சியைத் தேய்க்காமல் உருட்டுங்கள், அழுக்கானதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு எடுங்கள், ஏனென்றால் அந்தப் பஞ்சில் ஏறிய மணல்தான் பெயின்ட்டைக் கீறும். பஞ்சில் பழுப்பு வரும்வரை பரவாயில்லை. ஆரஞ்சோ நீலமோ வர ஆரம்பித்தால் பெயின்ட் கரைகிறது, உடனே நிறுத்துங்கள். எந்தத் திரவமாக இருந்தாலும் முதலில் வெளியே தெரியாத ஒரு இடத்தில் சோதித்துப் பாருங்கள். வாட்டர் பம்புக்குப் பின்னால் அல்லது ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்கு அடியில் நல்ல இடம் கிடைக்கும்.

குறிகள் இருக்கும் இடம் வந்தால் இந்த முறையே வேண்டாம். கிரீஸ் பென்சில் எழுத்து மினரல் ஸ்பிரிட்ஸில் அப்படியே கரைந்துவிடும், மை முத்திரை ஆல்கஹால் பட்டால் போய்விடும், காகித ஸ்டிக்கர் எதிலும் தாங்காது. அந்த இடங்களைச் சுற்றி ஒரு அங்குலம் விட்டுவிட்டு, உள்ளே காய்ந்த மென் பிரஷ்ஷால் புழுதியை மட்டும் தட்டுங்கள். மிஞ்சிப் போனால் காய்ச்சி வடித்த நீரில் லேசாக ஈரமாக்கிய பஞ்சு. அழுக்கோடு இருக்கும் ஒரு குறி, சுத்தமாக இருக்கும் வெற்றிடத்தைவிட எத்தனையோ மடங்கு மேல்.

முலாம் பூசிய பாகங்களில் காரமும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். கார்புரேட்டரை ஊறவைக்கும் கிளீனர் டின்கள் அந்தத் தங்கச் சாயலை உரித்துவிடும். உள்ளே அடைப்பு இருந்தால் பிரித்து உள்வழிகளை மட்டும் சுத்தம் செய்யுங்கள், வெளிப்புறத்துக்கு மினரல் ஸ்பிரிட்ஸும் மென் பிரஷ்ஷும் போதும். அப்புறம், உடம்புக்கு ஒரு எச்சரிக்கை: காட்மியமும் அந்த மஞ்சள் பூச்சில் உள்ள குரோமியமும் விஷம், பழைய ஆரஞ்சுப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பழைய கேஸ்கெட்டிலும் பிரேக் தூசியிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்த நிலையில் உரசக் கூடாது, கம்ப்ரஸர் காற்றால் ஊதக் கூடாது. குறிகளின் மேல் புழுதி தட்டும் மென் பிரஷ்ஷைத் தவிர, நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஈரமாகவே செய்யுங்கள்.

டிரை ஐஸ் பிளாஸ்டிங், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நல்ல கைக்கு அது நல்ல கருவி, தண்ணீர் இல்லை, மணல் இல்லை, கிரீஸ் மட்டும் உதிரும். ஆனால் பிடிப்பு விட்ட பெயின்ட்டும் ஸ்டிக்கரும் அதோடு சேர்ந்து பறக்கும். அடிப்பாகத்துக்கு ஒத்துக்கொள்வேன். எஞ்சினின் மேல்பக்கத்துக்கு என் வாக்கு பஞ்சுக் குச்சிக்குத்தான்.

துருவில் இரண்டு வகை உண்டு. அடர் பழுப்பில், தொட்டால் கையில் ஒட்டாமல், இறுகி இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு எண்ணெய் தடவினால் போதும். விரலில் ஆரஞ்சுப் பொடியாக ஒட்டினால் இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மெல்லிய எண்ணெயும் வெண்கலக் கம்பளியும் எடுத்து, துரு இருக்கும் இடத்தில் மட்டும், மெதுவாக. இரும்புக் கம்பளி வேண்டாம், அதன் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும். துருவைக் கறுப்பாக மாற்றும் கன்வர்ட்டர் திரவங்களை நான் தொடுவதே இல்லை, ஒருமுறை போட்டால் திரும்ப எடுக்க முடியாது. துரு நீக்கும் ஊறல் திரவம் மென்மையானதுதான், என்றாலும் கறுப்பு ஆக்சைடு பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பாதுகாப்புக்கு என்ன பூசுவது? பெயின்ட்டிலும் முலாமிலும், அதிகம் சூடாகாத இடங்களில், மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை (மிக நுண்ணிய படிகங்கள் கொண்ட பெட்ரோலிய மெழுகு) மிக மெல்லியதாகத் தடவி மென் துணியால் துடையுங்கள். தேவைப்பட்டால் பிறகு எடுத்துவிடலாம், அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். பாஸ்பேட் போல்ட்டுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய்தான் மருந்து, அந்தப் பூச்சின் நுண்துளைகள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது வேலை செய்வதே அப்படித்தான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் எதுவும் நிற்காது, தடவியது எரிந்து புகையாகும், உலர்வாக வைத்திருப்பதே வழி. சிலர் எல்லாவற்றின் மேலும் ஆளி விதை எண்ணெய் தடவுவார்கள். அது நாளாக ஆக மஞ்சளாகும், தூசியைப் பிடிக்கும், துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். நிறமில்லாத கிளியர் கோட் அடிக்கலாமா என்று கேட்டால் வேண்டவே வேண்டாம். ஈரத்தை உள்ளே பூட்டும், எடுக்கவும் முடியாது.

பெயின்ட் போன இடத்தில் மட்டும் தொட்டு அடிக்கும் டச்சப் ஆசை எல்லோருக்கும் வரும். வெறும் இரும்பு தெரிந்து அங்கே துரு ஓடுகிறது என்றால் மட்டும், அந்தப் புள்ளி அளவுக்கு, செய்ததைக் குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். நிறம் சரியாக இல்லை என்பதற்காகச் செய்யாதீர்கள். ஏஏசிஏ என்ற அமெரிக்கப் பழைய கார் சங்கத்தில் மாற்றப்படாத வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே மங்கிய ஒரிஜினலுக்கு இடம் உண்டு. பாதி பழையது பாதி புதிது என்று ஆகிவிட்ட எஞ்சின்தான் இரண்டிலும் சேராமல் நிற்கும்.

பூச்சைக் கெடுப்பது பெரும்பாலும் ஒழுகல்தான். சாதாரண டாட் 3 பிரேக் ஃப்ளூயிட் பெயின்ட்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், அது தண்ணீரில் கரையும். கூலன்ட் காய்ந்தால் கறை நிற்கும். பேட்டரியின் அமில ஆவி அதன் தட்டையும் சுற்றியுள்ள பெயின்ட்டையும் அரிக்கும், நீண்ட நாள் நிறுத்தும்போது பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். பழைய ஹோஸ், கிளாம்ப், வயர் எதையாவது மாற்ற நேர்ந்தால் கழற்றியதைக் குப்பையில் போடாமல் தேதி எழுதிய பையில் போட்டு வையுங்கள்.

நிறுத்தும் இடத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, அதற்கு காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் ஒரு சின்ன டிஹியுமிடிஃபையர் போதும். வண்டிக்கு மேல் காற்று புகும் துணி உறைதான் போடவேண்டும், பிளாஸ்டிக் கூடாது. எலி வராமல் பாருங்கள், அதன் சிறுநீர் அலுமினியத்தில் வெள்ளைக் கறையாக அரித்துவிடும். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நன்மையைவிடத் தீமைதான், உள்ளே ஈரம் சேரும். ஓட்டுவதென்றால் எஞ்சின் முழுக்கச் சூடாகும்வரை ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாமல் விடுங்கள். அப்புறம் வருடம் ஒருமுறை, முதலில் எடுத்த அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில் மறுபடி படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த போல்ட்டைச் சுற்றி ஆரஞ்சு உரிய ஆரம்பித்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும் முன்பே படத்தில் தெரிந்துவிடும்.