ஆளில்லா வேவு வாகனத்தைப் பகிர்வு சிமுலேஷனில் சோதிப்பது எப்படி?

வாகன இயக்கம், கேமராவும் நிலப்பரப்பும், இயக்குபவரின் திரை ஆகிய மூன்றையும் மூன்று கணினிகளில் தனித்தனியாக ஓட்டி, சிமுலேஷன் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான டிஐஎஸ் நெறிமுறையால் (ஐஇஇஇ 1278 தரநிலை) இணைக்கப்போகிறோம். இதே வேலைக்கான மற்றொரு தரநிலையான எச்எல்ஏ தொடக்கத்துக்கு வேண்டாம். டிஐஎஸ்ஸில் பிணையத்தில் போகும் ஒவ்வொரு பொதியையும் (பாக்கெட்) வயர்ஷார்க் என்ற பிணைய ஆய்வு மென்பொருளில் பிரித்துப் பார்க்கலாம். அந்த வசதிக்கு ஈடில்லை.

1. டிஐஎஸ் பொதிகளை உருவாக்கவும் படிக்கவும் உதவும் ஓப்பன்-டிஸ் நிரல் நூலகத்தை நிறுவுங்கள். வாகனத்துக்குத் தளம் (சைட்), செயலி (அப்ளிகேஷன்), பொருள் (என்டிட்டி) என்ற மூன்று எண்களால் அடையாளம் கொடுங்கள். எந்த இரண்டு பொருள்களுக்கும் ஒரே அடையாளம் வரக்கூடாது.

2. இருப்பிடத்தை டிஐஎஸ் கேட்கும் அச்சுகளுக்கு மாற்றுங்கள். நான் நான்கு நாட்களைத் தொலைத்த இடம் இது. டிஐஎஸ் கேட்பது அட்சரேகை, தீர்க்கரேகை அல்ல. பூமியின் மையத்திலிருந்து மீட்டரில் அளந்த எக்ஸ், ஒய், இசட். மூன்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 63.6 முதல் 63.8 லட்சத்துக்குள் வரவேண்டும்.

அதைச் சரிசெய்த பிறகும் கேமரா வேறெங்கோ பார்த்தது. திசைக் கோணங்களும் பூமி மைய அச்சுகளைப் பொறுத்தவை என்பதை நான் கவனிக்கவில்லை. உள்ளூர் வடக்கிலிருந்து அளந்த கோணத்தை அப்படியே அனுப்பாதீர்கள். உங்கள் நிரலைச் சோதிக்க ஒரு கணக்கு: அட்சரேகை 0, தீர்க்கரேகை 0, வாகனம் சமதளத்தில் கிழக்கு நோக்கி நிற்கிறது. டிஐஎஸ்ஸின் மூன்று திசைக் கோணங்களும் சை 90, தீட்டா 0, ஃபை -90 பாகை என்று வரவேண்டும். அனுப்பும்போது ரேடியனாக மாற்றுங்கள். அதே புள்ளியில் வடக்கு நோக்கி வைத்துச் சோதிக்காதீர்கள். தீட்டா -90 ஆகி, மற்ற இரண்டு கோணங்களையும் பிரித்தறிய முடியாமல் போகும்.

3. டெட் ரெக்கனிங் (அடுத்த பொதி வரும்வரை வாகனத்தின் நிலையைக் கணித்துக்கொள்ளும் முறை) வரம்பைக் குறையுங்கள். கணித்த திசைக்கும் உண்மையான திசைக்கும் 3 பாகை வேறுபாடு வந்தால் புதிய பொதி போகும் என்பது வழக்கமான அமைப்பு. 2 கிலோமீட்டர் தொலைவில் 3 பாகை என்பது சுமார் 105 மீட்டர் பிழை. வேவு பார்க்கும் வாகனத்துக்கு இதை ஏற்கவே முடியாது. நான் அரை பாகை வைக்கிறேன். பிழை 17 மீட்டராகச் சுருங்குகிறது, பொதிகளின் எண்ணிக்கை கூடுகிறது.

4. பிணையக் கோளாறுகளைப் போலியாக உருவாக்கும் லினக்ஸின் நெட்எம் கருவியைக் கொண்டு தாமதத்தையும் பொதி இழப்பையும் புகுத்துங்கள். பழுதில்லாத இணைப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்ததைச் சோதனை என்று நான் ஏற்கமாட்டேன். அதற்கு முன் மூன்று கணினிகளின் கடிகாரங்களையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: வாகனம் மறைந்து நின்று கண்காணிக்கும்போது திரையிலிருந்தே காணாமல் போகிறது என்று இரண்டு வாசகர்கள் எழுதினார்கள். நகர்ந்தால் மட்டும் பொதி அனுப்பும்படி நிரல் எழுதியிருந்தார்கள். இயல்பான அமைப்பில் 12 வினாடி செய்தி வராவிட்டால் பெறும் கணினி அந்தப் பொருளை நீக்கிவிடும். அசையாமல் நின்றாலும் 5 வினாடிக்கு ஒருமுறை நிலையை அனுப்புங்கள்.