கத்தாமல் கணீரென்று பாட

மேல் ஸ்தாயிக்குப் போனதும் குரல் அமுங்கினால், பலரும் இன்னும் கொஞ்சம் காற்றைத் தள்ளிப் பார்ப்பார்கள். சத்தம் ஏறும், கூடவே தொண்டையும் கட்டிக்கொள்ளும். கணீர் ஒலி வருவது வேறு வழியில்: குரல்நாண்களுக்குச் சற்று மேலே உள்ள குழல் குறுகும்போது 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வுகள் வலுக்கின்றன. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்தப் பகுதியைத்தான். மைக் இல்லாமலே ஓபரா பாடகரின் குரல் பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி வருவது இப்படித்தான் என்று ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970களில் விளக்கினார்.

படி 1: மூச்சு. தோள் ஏறாமல், விலா விரிய மூச்சை இழுங்கள். 'ஸ்ஸ்' என்று 15 விநாடி சீராக விடுங்கள். இதிலேயே நாள் முழுக்க உட்கார்ந்துவிட வேண்டாம்.

படி 2: ஸ்ட்ரா. உதடுகளை இறுக மூடி, ஸ்ட்ரா வழியே 'ஊ' என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே இரண்டு நிமிடம் வழுக்கிச் செல்லுங்கள். மூக்கைப் பிடித்தாலும் ஒலி நிற்கக் கூடாது.

படி 3: 'ஞே'. முக்கியமான படி இதுதான்; மேலே சொன்ன குழலைக் குறுக்கப் பழகுவது இதில்தான். வம்புக்கு இழுக்கும் சின்னப் பிள்ளை மாதிரி 'ஞே ஞே ஞே' என்று கூர்மையாகச் சொல்லுங்கள். கேட்க நன்றாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். அதே குரலில், வசதியான சுருதியில் ஸ ரி க ம ப, ப ம க ரி ஸ. பிறகு ஒரே ஸ்வரத்தில் நின்று 'ஞே'யை 'ஏ'வாக்கி, 'ஆ'வுக்குக் கொண்டுபோங்கள். கூர்மை வழியில் கழன்றுவிட்டால் 'ஞே'க்குத் திரும்புங்கள்.

'ஆ' பிடிக்கும்போது மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியே கசிகிறது. மூக்கால் பாடுவதையே கணீர் என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். இதற்கு 'கே கே கே' நல்ல மருந்து. 'க' சொல்லும்போது மென்னண்ணம் (மேல்வாயின் பின்பக்க மென்மையான பகுதி) மேலேறி மூக்குவழியை அடைத்துவிடும்.

படி 4: உச்ச ஸ்வரம். அகலத் திறந்த 'ஆ' அங்கே கூச்சலாகிவிடும். லேசாக 'ஓ' பக்கம் சாய்த்துப் பாடுங்கள். 'ஈ' என்றால் தாடையைக் கொஞ்சம் இறக்குங்கள்.

வலியோ கரகரப்போ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மூன்று வாரமாகியும் கரகரப்பு போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

படி 5: பதிவு. செல்போனை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, ஒரே வரியை முதலில் சாதாரணமாக, பிறகு 'ஞே'யிலிருந்து எடுத்த குரலில் பாடிப் பதியுங்கள். பல போன்கள் சத்தத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும். அதனால் எது உரக்கக் கேட்கிறது என்று பார்க்காதீர்கள். எதில் சொற்கள் தெளிவாக விழுகின்றன என்று கேளுங்கள்.