மாமா வீட்டு மானிட்டரும் மஞ்சள் வேட்டியும்: ஊர் திரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

கல்யாணப் படத்தில் என் மாமா மஞ்சள் வேட்டி கட்டியிருந்தார். அத்தை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பட்டு வேட்டி வெள்ளை வெளேரென்று இருந்ததே" என்றார். "படம் எடுத்து நாற்பது வருஷமாகிறது, பழுக்காமல் என்ன செய்யும்?" என்று மாமா சமாதானம் சொன்னார். படம் பழுக்கவில்லை. அம்மாவின் ஆல்பத்திலிருந்து மெல்பர்னில் நான் ஸ்கேன் செய்து மடிக்கணினியில் ஏற்றியபோது வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது. அதற்கு மஞ்சள் பூசியது மாமா வீட்டு மானிட்டர் வயரின் முனையில் வளைந்து கிடந்த ஒரே ஓர் ஊசி. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மலேசியாவில் பிறந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா என்று குடியேறிவிட்டு, தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ தோட்டப்புற ஊருக்குத் திரும்புகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். என் ஊர் பேராக்கில் ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட். உங்களுடையது தாப்பாவாகவோ, பாகான் செராயாகவோ, லூனாசாகவோ இருக்கலாம். உறவினர் வீட்டில் ஒரு பழைய மானிட்டர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மாமா தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்தார். ஆபீசில் கணினிகளை மாற்றியபோது பழையதில் ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டார். கணினிப் பெட்டி எப்போதோ உயிரை விட்டது. பதினேழு அங்குல மானிட்டர் மட்டும், அத்தை தைத்த பூவேலை உறைக்குள், நடுக்கூடத்து மேசையில் சாமி படத்துக்குக் கீழே இன்னும் இருக்கிறது.

ஊருக்கு வந்தவுடன் புதுத் தொலைக்காட்சி வாங்கித் தருகிறேன் என்று கிளம்பாதீர்கள். பெரியவர்களுக்கு அது பரிசாகப் படலாம், குத்தலாகவும் படலாம். ஆல்பத்துப் படங்களைப் பாட்டிக்குக் காட்டவும், விடுமுறையிலும் விடாமல் துரத்தும் அலுவலக வேலைக்கு இரண்டாம் திரையாகவும் அந்தப் பதினேழு அங்குலம் தாராளம். கைப்பேசியைக் கைக்குக் கை மாற்றி, யாரோ விரலை வைத்துப் படத்தைத் தள்ளிவிட்டு, "எங்கே போனது?" என்று தேடுவதைவிட எவ்வளவோ மேல்.

புறப்படும் முன்

பழைய மானிட்டரின் பின்புறம் இருப்பது விஜிஏ துளை. ஐபிஎம் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்தது. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து, ஆக பதினைந்து ஊசி. வயரின் முனை பெரும்பாலும் நீல நிறத்தில், இரண்டு பக்கமும் திருகாணியுடன் இருக்கும். இது அனலாக் வழி: சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் தனித்தனி வயரில், ஏறி இறங்கும் மின்னழுத்தமாகப் போகும். உச்ச வெளிச்சத்துக்கு 0.7 வோல்ட், கறுப்புக்குச் சுழியம். உங்கள் மடிக்கணினியில் இருப்பதோ எச்டிஎம்ஐ அல்லது யூஎஸ்பி-சி. அவற்றில் போவது எண்கள். விஜிஏவை 2015-க்குள் கைவிடப்போவதாக இன்டெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டன. அதனால்தான் இப்போது வரும் மடிக்கணினிகளில் அந்தத் துளையைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

இதிலிருந்து தெரிய வேண்டியது ஒன்று: வெறும் வயர் போதாது. எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சில்லு நடுவில் இருக்க வேண்டும். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ, நடுவில் எதுவுமே இல்லாத மலிவு வயர்களும் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. உங்கள் மடிக்கணினியில் அவை எதையும் காட்டா. வாங்க வேண்டியது மாற்றி. விரல் நீளத்தில் தடித்த சிறு பெட்டி போல இருக்கும், உள்ளே சில்லு இருக்கும், எச்டிஎம்ஐ துளை தரும் 5 வோல்ட்டிலேயே பெரும்பாலும் ஓடிவிடும். பக்கவாட்டில் கூடுதல் மின்சாரத்துக்கு ஒரு சிறு யூஎஸ்பி துளை உள்ளதாகப் பார்த்து வாங்குவது என் பழக்கம். சில மடிக்கணினிகள் கொடுக்கும் மின்சாரம் போதாமல் படம் விட்டு விட்டு வரும்போது அது கைகொடுக்கும்.

திசையில் ஏமாறாதீர்கள். நான் ஏமாந்தேன். முதல் தடவை அவசரத்தில் வாங்கியது விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது, அதாவது பழைய கணினியைப் புதுத் தொலைக்காட்சியில் காட்டுவதற்கானது. பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. ஆனால் ஒருவழிப் பாதை, திருப்பி மாட்டினால் ஓடாது. மலேசியக் கடையில் வாங்குவதானால் "எச்டிஎம்ஐ கெ விஜிஏ" என்று மலாயில் கேளுங்கள், "கெ" என்றால் "க்கு". எந்த இனத்துக் கடைக்காரருக்கும் புரியும், அந்தக் "கெ" எந்தப் பக்கம் போகிறது என்பதில் குழப்பமும் வராது. கோலாலம்பூரில் இறங்கி ரயிலேறுகிறவர்கள் புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவுக்கு ஒரு நடை போய் வரலாம். வடக்கே வந்துவிட்டால் ஈப்போவில் பார்த்துக்கொள்ளலாம்.

யூஎஸ்பி-சி மட்டும் உள்ள மெல்லிய மடிக்கணினிக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா யூஎஸ்பி-சி துளையும் படத்தை வெளியே அனுப்பாது. சில துளைகள் மின்னேற்றவும் கோப்பு மாற்றவும் மட்டுமே. துளையருகே டிஸ்ப்ளேபோர்ட் என்ற பட வழியைக் குறிக்கும் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் நம்பி வாங்கலாம். சின்னம் இல்லையென்றால் கையேட்டைப் பார்ப்பதுதான் வழி. ஊரிலிருந்து யாரையாவது மானிட்டரின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அகலமான வெள்ளைத் துளையும் பக்கத்தில் இருந்தால் அது டிவிஐ, படத்தை எண்களாகவே வாங்கும் துளை. எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்குச் சாதாரண வயரே போதும், படமும் துல்லியமாக வரும். அந்த அதிர்ஷ்டம் இருந்தால் மாற்றியை மறந்துவிடலாம்.

மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிரிட்டனில் உள்ள அதே மூன்று தட்டைமுனை பிளக். இங்கிலாந்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு வேலையில்லை. மற்றவர்கள் பிளக் மாற்றி ஒன்று எடுத்து வாருங்கள். மடிக்கணினியின் மின்னேற்றியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

நடுக்கூடத்தில்

உறையைக் கழற்றியதும் துடைக்க ஈரத்துணியுடன் ஓடிவருவார்கள். மறித்துவிடுங்கள், உலர்ந்த மென்துணி போதும். பின்புறத் துளையில் எறும்புக் கூடோ பல்லி முட்டையோ இருந்தால் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். வருஷக்கணக்கில் ஓடாத மானிட்டர் முதல் சில நிமிடம் மங்கலாக, சற்றே சிவந்து தெரியலாம். உள்ளே இருக்கும் பழைய வகைக் குழல்விளக்கு சூடேறும் வரை அப்படித்தான், பயப்பட வேண்டாம்.

இரண்டையும் அணைத்துவிட்டு வயரை மாட்டுங்கள், திருகாணிகளை விரலால் முடுக்குங்கள். முதலில் மானிட்டரை, பிறகு மடிக்கணினியைப் போடுங்கள். விண்டோஸ் சாவியுடன் பி எழுத்தை அழுத்தினால் நாலு வழிகள் வரும். இரண்டு திரையிலும் ஒரே படம் என்பதைத் தேர்ந்தெடுக்க எல்லோருக்கும் கை போகும், ஆனால் அகலமான மடிக்கணினியும் சதுரம் போன்ற பழைய மானிட்டரும் ஒரே அளவில் ஒத்துப்போகாமல் முகங்கள் இழுபட்டுத் தெரியும். படம் காட்டுவதற்கு இரண்டாம் திரை மட்டும் என்பதே சரி.

அளவு எவ்வளவு என்று கேட்டால், பதினேழு அங்குல எல்சிடிக்கு பெரும்பாலும் 1280க்கு 1024 புள்ளிகள், பதினைந்து அங்குலத்துக்கு 1024க்கு 768, இரண்டுக்கும் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 தடவை படம் புதுப்பிக்கப்படும். மானிட்டர் தன் அளவை அந்த வயர் வழியாகத் தானே சொல்ல வேண்டும். பழைய வயர்களில் அதற்கான இழை இல்லாமல் போயிருந்தால் மடிக்கணினி குத்துமதிப்பாக ஏதோ ஒன்றை அனுப்பும். வரம்புக்கு வெளியே என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் மிதக்கும், அல்லது திரை கறுப்பாகிவிடும். விண்டோஸில் அளவை மாற்றிய பிறகு இப்படியானால் எதையும் தொடாமல் 15 விநாடி காத்திருங்கள், பழைய அளவுக்கு அதுவே திரும்பிவிடும்.

படம் ஒரு பக்கமாக ஒதுங்கியோ எழுத்து நடுங்கியோ தெரிந்தால் மானிட்டரில் ஆட்டோ என்று ஒரு பொத்தான் இருக்கும். திரை முழுதும் நிறைந்த, ஓரங்கள் வெளிச்சமான ஒரு படத்தைப் போட்டுவிட்டு அதை அழுத்துங்கள். கறுப்புப் பின்னணியில் அழுத்தினால் படத்தின் விளிம்பு எதுவென்று மானிட்டருக்குத் தெரியாமல் இன்னும் கோணலாக்கிவிடும். எழுத்துக்கு வலப்புறம் நிழல் விழுந்தால் வயர் ரொம்ப நீளம் அல்லது மெலிசு.

இனி வேட்டி. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி ஊசியில் போகின்றன என்றேனல்லவா? நீலம் வராவிட்டால் வெள்ளை மஞ்சளாகும். பச்சை வராவிட்டால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. சிவப்பு வராவிட்டால் எல்லோரும் நீர்ப்பச்சை நிறத்தில் நோயாளி போல நிற்பார்கள். அத்தையின் கூறைச்சேலை நல்ல சிவப்பு. அதற்கு நீலமே தேவைப்படாததால் அதில் மாற்றமே தெரியவில்லை. அதனால்தான் முதலில் எல்லோரும் படத்தின்மேல் பழி போட்டோம். அடுத்த படத்தில் வானமும் பள்ளிக்கூடத்து நீலச் சீருடையும் கருகிப் போயிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எல்லாவற்றையும் அணைத்து வயரைக் கழற்றினேன். அகன்ற பக்கம் மேலே வரும்படி ஊசிகளை முகத்துக்கு நேரே பிடித்தால், மேல்வரிசையில் இடமிருந்து முதல் மூன்றும் வண்ணங்கள்: சிவப்பு, பச்சை, நீலம். மூன்றாவது ஊசி நாணல் போலப் படுத்திருந்தது. யாரோ எப்போதோ கோணலாகச் செருகிய வேலை. அத்தை புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்து வந்தார். மாமா கைவிளக்கைப் பிடித்தார். ஊசியை நுனியில் பிடித்து இழுத்தால் ஒடிந்துவிடும். அடியில் பிடித்து, மூச்சுவிட்டு மூச்சுவிட்டு, நாலைந்து தடவையாக நிமிர்த்த வேண்டும். "முள் எடுப்பது மாதிரி செய், ஐயா" என்றார் அத்தை. நடுவரிசையில் நாலாவது இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, "ஒன்று விழுந்துவிட்டதே!" என்று மாமா தரையெல்லாம் தேட ஆரம்பித்தார். அது பல வயர்களில் தயாரிக்கும்போதே இருக்காது, தேட வேண்டாம்.

இன்னும் சில

விஜிஏவில் ஒலி போகாது. சில மாற்றிகளில் காதொலிக் கருவி மாட்டும் துளை இருக்கும், இல்லாவிட்டால் மடிக்கணினியின் ஒலியே கூடத்துக்குப் போதும். கட்டணப் படத் தளங்கள் இந்த வழியில் கறுப்புத் திரை காட்டலாம். நகல் தடுப்புப் பூட்டு அனலாக் வழியை நம்புவதில்லை, மாற்றியைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் சொந்தப் படங்களுக்கும் காணொளிகளுக்கும் தடையில்லை.

வீட்டில் இருப்பது முதுகு பெருத்த பழைய படக்குழாய் மானிட்டர் என்றால் 60 ஹெர்ட்ஸில் கண் கூசும். பட்டியலில் 75 அல்லது 85 கிடைத்தால் அதைப் போடுங்கள். பின்மூடியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான அழுத்தம் தங்கியிருக்கும்.

பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்தால் படம் காட்டுவதை நிறுத்திவிட்டு பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. அந்தப் பக்கத்து இடியை நீங்கள் மறந்திருக்கலாம்.

மாற்றியை நான் திரும்ப எடுத்து வரவில்லை. வயரோடு சேர்த்து ஒரு மைலோ டின்னில் போட்டு, மானிட்டருக்குப் பக்கத்திலேயே அத்தை வைத்திருக்கிறார். மூடியின்மேல் ஒட்டிய தாளில் அவர் கையெழுத்து: "மருமகன் சாமான். ஊசி கவனம்."