புது லூரை மீன் கடிக்கிற நேரத்தில் போட்டுப் பாருங்கள்

பழகிய லூருக்கு (மீனை ஏமாற்ற நூலில் கட்டுகிற செயற்கை இரை) ஒன்றுமே கடிக்காத நாளில்தான் நம்மில் பலர் பெட்டியைத் திறந்து புதியதைக் கட்டுகிறோம். அதற்கும் கடிக்கவில்லை என்றதும் "இது சரிவராது" என்று மூலையில் போட்டுவிடுகிறோம். அன்றைக்கு அந்தப் பக்கம் மீனே வராமல் இருந்திருக்கலாம், லூர் என்ன செய்யும்? தலைகீழாகச் செய்யுங்கள். பழைய ஸ்பூனுக்கு (கரண்டி வடிவ உலோக லூர்) இரண்டு பாரை ஏறிய கையோடு, மீன் கூட்டம் இன்னும் நிற்கும்போதே புதியதைக் கட்டுங்கள். மனசு வராதுதான், ஆனால் ஒரு லூருக்குச் சரியான சோதனை அதுதான்.

இடமும் முக்கியம். கொழும்புக் கரையில் வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலில் விழுகிற பக்கங்களில் சின்ன மீன் ஒதுங்கும், அதைத் தேடிப் பெரியது வரும், விடியற்காலையில் இன்னும் நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்றில் (தென்மேற்குப் பருவக்காற்று) கடல் கொந்தளிக்கும், அப்போது புதியதைப் பழகப் போகாதீர்கள். லூர் என்ன செய்கிறது என்றே தெரியாது, பாறையில் நிற்பதும் ஆபத்து.

முதலில் காலடித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். எந்த வேகத்தில் ஆடத் தொடங்குகிறது, எந்த வேகத்தில் ஒரு பக்கம் சாய்ந்து சுழல்கிறது, நிறுத்தினால் மிதக்கிறதா, தாழ்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டால், தூரத்தில் வீசிய பிறகு தடி நுனியில் வருகிற துடிப்பை வைத்தே அது நீந்துகிறதா, பாசி பிடித்துக்கொண்டு வருகிறதா என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் அலை. குளத்தில் இழுப்பதுபோல ஒரே சீராகச் சுற்றினால் இங்கே வேலைக்கு ஆகாது. அலை கரைக்கு வரும்போது லூரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வருகிறது, நூல் தொய்கிறது, தொய்ந்தால் ஆட்டம் நின்றுவிடும், அந்த நேரம் ரீலை வேகமாகச் சுற்றுங்கள். அலை உடைந்து தண்ணீர் திரும்பி இழுக்கும்போது லூர் தானாகவே எதிர்த்து ஆடும், அப்போது மெதுவாக்கினால் போதும். இந்த மாற்றம் நடக்கிற இடத்தில்தான் கடி விழும், கவனமாக இருங்கள். கடைசிப் பத்து மீட்டரையும் அவசரப்பட்டு இழுத்துவிடாதீர்கள், பாரை கரையோரப் பள்ளம் வரைக்கும் பின்னாலேயே வரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிறம், எடை, வேகம் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதற்குக் கடித்தது என்று தெரியாமல் போகும். நிறத்துக்கு நான் பெரிதாக மெனக்கெடுவதில்லை: தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி, மழைக்குப் பிறகு கலங்கினால் வெள்ளையோ பளிச்சென்ற மஞ்சளோ. எடைதான் முக்கியம். எத்தனை கிராம் வரை வீசலாம் என்று கைப்பிடிக்கு மேலே தடியிலேயே போட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். எதிர்காற்றுக்கு 30, 40 கிராம் மெட்டல் ஜிக் (கனமான உலோக லூர்) போகிற தூரத்துக்கு மினோ (சின்ன மீன் வடிவ லூர்) போகாது.

மினோவை இறுக்கிக் கட்டாமல் சின்ன வளையம் விட்டு முடிச்சுப் போடுங்கள், ஆட்டம் கூடும். நூலை அறுக்கிற கூரிய பல்லுள்ள சீலா நிற்கிற இடம் என்றால் ஒரு சாண் கம்பி தேவைப்படும், ஆனால் கம்பி சின்ன மினோவின் ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்பதால் அங்கே ஸ்பூனோ ஜிக்கோதான் நல்லது.

வீசுமுன் பின்னால் திரும்பிப் பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ரயில் பாதை முதுகுக்குப் பின்னாலேயே ஓடுகிறது, நடந்து போகிறவர்களும் உண்டு, மூன்று முனை முள் முகத்தில் பட்டால் விளையாட்டில்லை.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். முள்ளில் துரு ஏறியிருந்தால் அதே எடையில் வேறு முள் மாட்டுங்கள், பாரமானதை மாட்டினால் மிதக்கிற மினோகூடத் தாழத் தொடங்கும்.