பாடசாலைக்குள் ஆபத்து நுழைந்தால்: கொழும்புப் பாடசாலைகளுக்கான முன்னாயத்த வழிகாட்டி

பாடசாலையின் அவசரகாலத் திட்டத்தை எழுத அமரும் குழு, வேறு எதையும் பேசுவதற்கு முன் ஒரு விடயத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஆபத்தை முதலில் காண்பவர் யாராக இருந்தாலும், எச்சரிக்கை விடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதே அது. வாயிற் காவலாளியோ, சிற்றுண்டிச்சாலையில் பணிபுரியும் பெண்ணோ, நேற்றுத்தான் நியமனம் பெற்று வந்த ஆசிரியையோ கத்தியுடன் ஒருவர் உள்ளே வருவதைக் கண்டால், அதிபரின் அனுமதிக்காகக் காத்திராமல் எச்சரிக்கையை ஒலிக்கச் செய்ய வேண்டும்; அது பின்னர் தவறான எச்சரிக்கை என்று தெரியவந்தாலும் அவர்மீது எந்தக் குற்றமும் சுமத்தப்படலாகாது. எதற்கும் அதிபரின் சொல்லுக்காகக் காத்திருந்து பழகிய நமது பாடசாலைகளில் இதை ஏற்பது எளிதன்று. எனினும் அதிபர் வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்தில் இருக்கும் நாளிலும் இயங்குகின்ற திட்டம்தான் பிள்ளைகளைக் காக்கும்.

ஐக்கிய அமெரிக்காவில் பல பாடசாலைகளை ஒன்றாக நிர்வகிக்கும் கல்வி மாவட்டங்கள், 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்பாடசாலையில் நடந்த தாக்குதலுக்குப் பின்னர் இத்தகைய திட்டங்களைப் பெருமளவில் வகுத்து வந்துள்ளன. அங்கு பல மாவட்டங்கள் பின்பற்றும் நடைமுறை ஐந்து கட்டளைகளைக் கொண்டது: வகுப்பிலேயே இருங்கள்; எல்லோரும் உள்ளே வாருங்கள், வெளி வாயில்களைப் பூட்டுங்கள்; அறைகளைப் பூட்டி மறைந்திருங்கள்; வெளியேறுங்கள்; பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள். முதலிரண்டு கட்டளைகளின்போதும் பாடம் தடையின்றி நடக்கிறது. வீதியில் கைகலப்பு நடந்தாலோ, ஒரு மாணவர் மயங்கி விழுந்து நடைவழியை வெறுமையாக்க வேண்டியிருந்தாலோ பிள்ளைகளைப் பீதிக்குள்ளாக்கத் தேவையில்லை என்பதால், இந்தப் படிநிலை நமக்கும் மிகவும் பயன்படும்.

அந்த நாட்டின் தோல்விகளையும் நாம் கற்க வேண்டும். 2018 பெப்ரவரி 14 அன்று புளோரிடாவின் பார்க்லாண்டில் துப்பாக்கிச் சூட்டினால் தீ எச்சரிக்கை மணி ஒலித்துவிட, அதைத் தீ விபத்து என்று எண்ணிய மாணவர்கள் வகுப்பறைகளைவிட்டு நடைவழிக்கு வந்தார்கள். 2022 மே 24 அன்று டெக்சாஸின் உவால்டே நகரில் ஓர் ஆசிரியை இழுத்துச் சாத்திய வெளிக்கதவின் பூட்டு விழவில்லை. வகுப்பறைக் கதவுகளை நடைவழியில் நின்று சாவியால் மட்டுமே பூட்ட முடிந்தது. நூற்றுக்கணக்கான பாதுகாப்பு உத்தியோகத்தர்கள் வந்து குவிந்தும், தாக்கியவனை எதிர்கொள்ள 77 நிமிடங்கள் கடந்தன. 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் அங்கே உயிரிழந்தார்கள். தீக்கும் ஊடுருவலுக்கும் ஒரே மணியை ஒலிக்கலாகாது, கதவு உள்ளிருந்து பூட்டப்பட வேண்டும், கட்டளையிடுபவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் ஆகிய மூன்று பாடங்களும் எந்த நாட்டுப் பாடசாலைக்கும் பொருந்துவன.

கொழும்பின் பட்டறிவு வேறு வகையானது. துப்பாக்கி எளிதில் கிடைக்காத இந்நாட்டில், அத்துமீறி நுழைபவர் பெரும்பாலும் பிள்ளையின் பொறுப்புரிமை குறித்து வழக்காடும் பெற்றோராகவோ, போதையில் இருப்பவராகவோ, வெளியிலிருந்து சண்டைக்கு வரும் இளைஞர் கூட்டமாகவோ இருக்கக்கூடும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் வாயில்களில் புத்தகப் பைகள் சோதிக்கப்பட்டதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் கொல்லப்பட்டிருந்த நிலையில் அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் சோதனைக்காக நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வீதியோரத்தில் நெருக்கி நிற்பதும் ஓர் ஆபத்து என்பதை எண்ணிப் பார்த்து, வகுப்பு வாரியாக வெவ்வேறு நேரத்தையோ இரண்டாவது வாயிலையோ ஏற்பாடு செய்ய வேண்டும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கின. ஆகவே வெள்ளம், தீ, சுவர் இடிதல், ஊடுருவல் என்று தனித்தனிக் கோப்புகள் வைக்காமல், ஒரே கட்டளைகளையும் ஒரே பொறுப்பாளர்களையும் கொண்ட ஒரே திட்டத்தை எழுதுவது நல்லது.

திட்டக் குழுவில் அதிபர், பிரதி அதிபர், பகுதித் தலைவர்கள் ஆகியோருடன் காவலாளி, கட்டடங்களின் சாவிகளைப் பராமரிக்கும் ஊழியர், பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பிரதிநிதி, மாணவத் தலைவர் இருவர் ஆகியோரும் இடம்பெற வேண்டும். பிரதேச பொலிஸ் நிலையத்திலிருந்தும் தீயணைப்புப் படையிலிருந்தும் ஒவ்வோர் உத்தியோகத்தரை அழைத்து, ஒரு முழுக் காலைப்பொழுது வளாகத்தைச் சுற்றிக் காட்டுங்கள். அவர்கள் முதன்முறையாக உங்கள் கட்டடத்துக்குள் நுழையும் நாள் ஆபத்து நாளாக இருக்கக்கூடாது. தேசிய பாடசாலையானால் கல்வி அமைச்சுக்கும், மாகாணப் பாடசாலையானால் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் திட்டத்தின் பிரதியை அனுப்பி, பிரதேச செயலகத்துக்கும் ஒன்றைக் கொடுங்கள்.

சுற்றிப் பார்க்கும்போது ஒவ்வோர் அறையையும் மூன்றில் ஒன்றாக வகைப்படுத்துங்கள். முதலாவது, முழுச் சுவரும் உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவும் உள்ள அறைகள். இரண்டாவது, சுவர் இருந்தும் பூட்டு இல்லாத அல்லது வெளியிலிருந்து மட்டுமே பூட்டக்கூடிய அறைகள். இவற்றுக்கு உட்புறத்தில் வலுவான தாழ்ப்பாள் பொருத்துவதே ஆகக் குறைந்த செலவில் ஆகப் பெரிய பயன் தரும் வேலை என்பது என் உறுதியான கருத்து. கண்காணிப்புக் கமராவுக்கு நிதி திரட்டும் பழைய மாணவர் சங்கங்கள் தாழ்ப்பாள்களுக்கு முதலிடம் கொடுத்தால், அந்தப் பணம் பிள்ளைகளுக்கு அதிகம் உதவும். மூன்றாவது வகைதான் நமக்கே உரிய சிக்கல். அரைச்சுவர் வகுப்பறைகள், தட்டிகளால் பிரிக்கப்பட்ட மண்டப வகுப்புகள், கூரை மட்டும் உள்ள கொட்டகைகள் ஆகியவற்றில் பூட்டி மறைந்திருப்பது இயலாது. அந்த வகுப்புகளுக்கு, அருகிலுள்ள முழுச்சுவர் அறை ஒன்றையோ வளாகத்தைவிட்டு வெளியேறும் வழியையோ இப்போதே குறித்து, வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஐம்பது பிள்ளைகளுடன் ஓர் ஆய்வுகூடத்துக்குள் ஒடுங்குவது சிரமமானதுதான். ஆயினும் பிள்ளைகளை அரைச்சுவருக்குப் பின்னால் குந்தியிருக்கச் செய்வது மறைவும் ஆகாது, காப்பும் ஆகாது. பின் வாயிலின் பூட்டுக்குரிய சாவி அலுவலக இழுப்பறையில் மட்டுமன்றி, அந்த வாயிலுக்கு மிக அருகில் பாடம் நடத்தும் ஆசிரியரிடமும் இருக்கட்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் மாண்டதை அறிந்த எவரும் ஒற்றை மாடிப்படியையோ அடைபட்ட வழியையோ பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டளையை மணியால் மட்டும் அறிவிக்கலாகாது; ஒலிபெருக்கியில் மனிதக் குரல் தெளிவான சொற்களில் அதைச் சொல்ல வேண்டும். சங்கேதச் சொற்கள் புதிய ஆசிரியருக்கும் அன்று வந்த விருந்தினருக்கும் விளங்கமாட்டா. தமிழும் சிங்களமும் பயிற்று மொழிகளாக உள்ள பாடசாலையில் இரு மொழியிலும் அறிவிப்பு இருக்க வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒலிவாங்கிக்கு அருகில் ஒட்டிவிடுங்கள், ஏனெனில் பதற்றத்தில் நன்கு தெரிந்த வாக்கியமும் நாவில் வராது. மின்சாரம் தடைப்பட்டால் பயன்படுத்த மின்கலத்தில் இயங்கும் கையொலிபெருக்கி ஒன்றும், தீ மணியிலிருந்து முற்றிலும் வேறுபட்ட ஒலியும் தேவை. எச்சரிக்கை விடுத்த அதே நேரத்தில் மற்றொருவர் 119 இல் பொலிஸாரையும், காயப்பட்டவர்கள் இருந்தால் 1990 இல் சுவசெரிய அம்புலன்ஸையும், தீயாயின் 110 ஐயும் அழைக்க வேண்டும். பாடசாலையின் முகவரியையும் எந்த வாயிலால் வர வேண்டும் என்பதையும் சிங்களத்திலும் சொல்லத் தெரிந்தவரை இப்பணிக்கு நியமிப்பது நல்லது.

பூட்டி மறைந்திருக்கும் கட்டளை வந்ததும் ஆசிரியர் செய்ய வேண்டியவற்றைச் சில சொற்களில் சொல்லிவிடலாம். நடைவழியில் நிற்கும் பிள்ளைகளை எந்த வகுப்பினராயினும் உள்ளே இழுத்துக்கொள்ளுதல், தாழ்ப்பாளிடுதல், விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்துதல், யன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் அனைவரையும் இருத்துதல், தொலைபேசிகளை ஒலியற்றதாக்குதல், யார் தட்டினாலும் திறவாதிருத்தல் என்பனவே அவை. திறப்பது பொலிஸாரோ அதிபரோ சாவியுடன் வந்து செய்யும் வேலை. ஊடுருவியவர் தொலைவில் இருந்து, வெளியேறும் வழி கண்ணெதிரே திறந்திருந்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறும் உரிமை அந்த ஆசிரியருக்கு இருக்க வேண்டும். கடும் குருதிப்போக்கு ஏற்பட்டால் சுத்தமான துணியை வைத்துக் கையால் இடைவிடாமல் அழுத்தத் தெரிந்த ஆசிரியர் ஒவ்வொரு மாடியிலும் ஒருவரேனும் இருக்கட்டும். அப்பயிற்சியைச் செஞ்சிலுவைச் சங்கத்திடமோ சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பிடமோ கேட்கலாம்.

தாக்குதல் நடந்த பின் செய்யும் எதையும்விட, நடக்கும் முன் காதில் விழும் ஒரு செய்தி பெறுமதி மிக்கது. அமெரிக்காவின் இரகசியச் சேவையும் கல்வித் திணைக்களமும் 37 பாடசாலைத் தாக்குதல்களை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் 81 சதவீதமானவற்றில் தாக்கியவரின் எண்ணத்தைக் குறைந்தது வேறொருவரேனும் முன்பே அறிந்திருந்தார் என்று காட்டியது. அறிந்தவர்களில் பெரும்பாலோர் நண்பர்களும் சகமாணவர்களுமே. ஆகவே ஒரு பிள்ளை வந்து “அவன் நாளைக்குக் கத்தி கொண்டு வருவானாம் ரீச்சர்” என்று சொல்லும்போது, அதைக் கோள்மூட்டல் என்று விரட்டாத ஆசிரியர்கள் வேண்டும். அதிபர், ஆலோசனை ஆசிரியர், பகுதித் தலைவர் ஆகிய மூவர் அன்றைக்கே கூடி, அந்த மாணவரையும் பெற்றோரையும் சந்தித்து, அது கோபத்தில் சொன்ன சொல்லா, திட்டமிட்ட எண்ணமா என்று விசாரிக்க வேண்டும். தண்டித்து அனுப்பிவிடுவதால் ஆபத்து வாயிலுக்கு வெளியே காத்திருக்குமேயன்றி நீங்கிவிடாது. அந்தப் பிள்ளைக்கு உதவி தேவை. துன்புறுத்தல் பின்னணி தெரியவந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை நாடலாம்.

ஒத்திகை தவணைக்கு ஒன்றாவது நடக்க வேண்டும். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே அறிவித்துத்தான் நடக்க வேண்டும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 2019 ஜனவரியில் பயிற்சி என்ற பெயரில் ஆசிரியர்களை மண்டியிடச் செய்து பிளாஸ்டிக் ரவைகளால் சுட்டார்கள். போலித் துப்பாக்கி, போலிக் குருதி, திடீர் நாடகம் ஆகியவை பிள்ளைகளின் மனத்தைக் காயப்படுத்துமென அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம் 2020 இல் எச்சரித்தது. ஆரம்பப் பிரிவினருக்கு “ரீச்சர் சொன்னதும் சத்தமில்லாமல் மூலைக்குப் போய் இருப்போம்” என்பதற்கு மேல் எதுவும் தேவையில்லை. போரையோ 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களையோ நேரில் அனுபவித்த குடும்பங்களின் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வகுப்பில் இருக்கிறார்கள் என்பதையும், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையைத் தூக்க யார், செவிப்புலன் குறைந்த பிள்ளைக்குச் சைகை காட்ட யார் என்பதையும் ஒத்திகைக்கு முன்பே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

கொழும்பில் மிகவும் குழப்பம் தரக்கூடியது பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் கட்டம். செய்தி பரவியவுடன் முச்சக்கரவண்டிகளும் பாடசாலை வான்களும் காலி வீதியையோ ஒழுங்கைகளையோ அடைத்துவிட்டால் அம்புலன்ஸ் உள்ளே வர இயலாது. எனவே ஒப்படைக்கும் இடம் பாடசாலை வாயிலாக இருக்கக்கூடாது. நடந்து செல்லும் தொலைவிலுள்ள கோயில் மண்டபம், தேவாலய வளாகம், பள்ளிவாசல் அல்லது விளையாட்டு மைதானம் ஒன்றின் நிர்வாகத்தோடு பேசி, எழுத்தில் சம்மதம் பெற்று, ஆண்டின் தொடக்கத்திலேயே பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். அங்கே பெற்றோர் ஒரு வாயிலில் அடையாள அட்டையைக் காட்டிப் பெயரைப் பதிய, பிள்ளை மறு வாயிலால் அழைத்து வரப்பட்டு, கையொப்பம் பெற்ற பின்னரே கையளிக்கப்பட வேண்டும். வான் சாரதியிடம் பிள்ளையை ஒப்படைக்கலாமா என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே எழுதித் தந்திருக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பியிருக்காதீர்கள். 2019 ஏப்ரல் 21 அன்று அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. குறுஞ்செய்தியும், வகுப்புக்கு நான்கைந்து பெற்றோர் பொறுப்பேற்கும் தொலைபேசிச் சங்கிலியும் மாற்று வழிகளாகும்.

இவை எல்லாவற்றுக்கும் தேவையான பொருள்களை ஒரு பையில் இட்டு, அலுவலகத்தில் ஒன்றும் வேறொரு கட்டடத்தில் ஒன்றுமாக வையுங்கள். வளாக வரைபடம், சாவிகளின் பிரதிகள், வகுப்பு வாரியான பெயர்ப்பட்டியல், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள், விசேட மருந்து தேவைப்படும் பிள்ளைகளின் விபரம், கையொலிபெருக்கி, மின்சூள், முதலுதவிப் பொருள்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். புதிய பிள்ளைகளும் மாற்றலாகி வந்த ஆசிரியர்களும் சேரும் முதலாம் தவணையில் பெயர்ப்பட்டியலைப் புதுப்பித்து, அதே கிழமையில் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் ஒருமுறை இட்டுத் திறந்து பாருங்கள்.