ஆஃப்ரி மானிய விண்ணப்பம்: ஆய்வைப் படிக்கும் முன்பே தோற்கடிக்கும் தவறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வேளாண் ஆராய்ச்சிக்குக் கூட்டாட்சி அரசின் பணம் இரண்டு வழியாக வருகிறது. 1887ஆம் ஆண்டு ஹேட்ச் சட்டம் போன்றவற்றின்படி, அரசு கொடுத்த நிலத்தின் துணையோடு தொடங்கிய நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கணக்கு வைத்து ஆண்டுதோறும் பிரித்துக் கொடுப்பது ஒரு வழி. போட்டி போட்டு வாங்குவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வகையில் பெரியது ஆஃப்ரி (AFRI) எனப்படும் வேளாண்மை, உணவு ஆராய்ச்சித் திட்டம். 2008ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டத்தில் பிறந்த இத்திட்டத்தை வேளாண் துறையின் கீழ் இயங்கும் தேசிய உணவு, வேளாண்மை நிறுவனமான நிஃபா (NIFA) நடத்துகிறது. ஆண்டுக்கு 70 கோடி டாலர் வரை செலவிடச் சட்டம் இடம் கொடுத்தாலும் நாடாளுமன்றம் அவ்வளவு ஒதுக்குவதில்லை. 2024 நிதியாண்டில் கிடைத்தது ஏறத்தாழ 44.5 கோடி.

பணத்தைவிட விண்ணப்பங்கள் பல மடங்கு அதிகம். இந்த நெரிசலில் ஆய்வு சுமாராக இருந்து தோற்பவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஆய்வு நன்றாக இருந்தும், அறிவிப்பைச் சரியாகப் படிக்காததால் தோற்பவர்களைப் பற்றித்தான் பேச்சு. அவர்கள் எண்ணிக்கை குறைவல்ல.

போன ஆண்டு ஆர்எஃப்ஏவை வைத்து எழுதுவது

விண்ணப்பங்களைக் கோரும் அறிவிப்பு ஆவணத்தை எல்லோரும் ஆர்எஃப்ஏ என்றே சொல்கிறார்கள். ஆண்டுதோறும் புதிதாக வரும். பார்வைக்குப் பழையதைப் போலவே இருப்பதுதான் ஆபத்து. முன்னுரிமைப் பட்டியலில் ஒரு வரி நீங்கியிருக்கும், உச்சத்தொகை மாறியிருக்கும், ஒரு பிரிவுக்கு மட்டும், விண்ணப்பிக்கப் போவதை முன்கூட்டியே சொல்லும் விருப்பக் கடிதம் கட்டாயமாகியிருக்கும். கடிதம் கட்டாயம் என்றுள்ள பிரிவில் அதை அனுப்பாமல் முழு விண்ணப்பத்தை அனுப்பினால், எத்தனை மாத உழைப்பானாலும் அது மதிப்பாய்வுக்கே போகாது.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. பூச்சிகள், நன்மை செய்யும் உயிரினங்கள் பற்றிய பிரிவுக்கு ஏ1112, பயிர் இனப்பெருக்கத்துக்கு ஏ1141. நிஃபாவின் துணைத் தகவல் படிவத்தில் இந்த எண்ணை நிரப்ப வேண்டும். உங்கள் விண்ணப்பம் எந்த மதிப்பாய்வுக் குழுவின் மேசைக்குப் போகும் என்பதை முடிவு செய்வது இந்த எண்தான். அசுவினி எதிர்ப்புள்ள சோள ரகம் பற்றிய ஆய்வு பூச்சியியலாளர்கள் முன் போவதும், பயிர் இனப்பெருக்க வல்லுநர்கள் முன் போவதும் ஒன்றல்ல. முந்தைய குழு பூச்சியின் நடத்தை எங்கே என்று கேட்கும், பிந்தைய குழு ரகம் எப்போது வயலுக்கு வரும் என்று கேட்கும். எந்தப் பிரிவு என்று ஐயம் இருந்தால், ஒரு பக்கச் சுருக்கம் எழுதி அந்தப் பிரிவின் தேசியத் திட்டத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பேசிவிடுங்கள். அவர் பெயரும் தொடர்பு விவரமும் ஆர்எஃப்ஏவிலேயே இருக்கும். இது சிபாரிசு கேட்பதாகாது. அவர்கள் வேலையின் ஒரு பகுதியே இது. இதற்குத் தயங்குபவர்களில் நம்மவர்கள் அதிகம்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே விண்ணப்பத்தைச் சற்று மாற்றி இரண்டு பிரிவுகளுக்கு அனுப்புவதும் வேண்டாம். ஒரே நிதியாண்டில் பெரும்பகுதி ஒன்றாக உள்ள விண்ணப்பங்களை நிஃபா மதிப்பாய்வுக்கு எடுப்பதில்லை.

'ஒருங்கிணைந்தது' என்று பெயருக்கு எழுதுவது

ஆஃப்ரியில் திட்டங்கள் ஆராய்ச்சி, கல்வி, விரிவாக்கம் (அறிவை விவசாயிகளிடம் கொண்டுசேர்ப்பது), ஒருங்கிணைந்தது என நான்கு வகை. ஒருங்கிணைந்த திட்டம் என்றால் முதல் மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், பட்ஜெட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எந்த ஒன்றுக்கும் போகக்கூடாது. 6,00,000 டாலர் திட்டத்தில் 5,20,000 டாலரை ஆய்வகத்துக்கு வைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு களநாள், ஒரு துண்டறிக்கை என்று எழுதினால் விதி அங்கேயே உடைகிறது. ஆராய்ச்சிக்கு உச்சம் 4,00,000தான்.

கணக்கைச் சரிக்கட்டிவிட்டால் போதும் என்பதும் தவறு. குழுவில் விரிவாக்கப் பணியையே தொழிலாகக் கொண்டவர்கள் இருப்பார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது பட்ஜெட்டில் விரிவாக்க வல்லுநரின் சம்பளம் இருக்கிறதா என்பதை. இணை இயக்குநர் என்று பெயர் இருந்து சம்பளம் பூஜ்யமாக இருந்தால், கடைசி வாரத்தில் கேட்டு வாங்கிய பெயர் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். எத்தனை விவசாயிகள், எந்த மாவட்டங்கள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் எதை அளப்பீர்கள் என்பதெல்லாம் ஆய்வக முறைகளுக்கு நிகரான விவரத்தோடு இருக்க வேண்டும். இவ்வளவு செய்ய மனமில்லையென்றால் ஆராய்ச்சி வகையிலேயே அனுப்புங்கள். தேர்ந்தெடுத்த பிரிவு அந்த வகையை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில முன்னுரிமைகள் ஒருங்கிணைந்த திட்டங்களை மட்டுமே ஏற்கும்.

மறைமுகச் செலவுக் கணக்கு

அதிகம் குழம்பும் இடம் இது. கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகளுக்காகப் பல்கலைக்கழகம் மானியத்தில் எடுத்துக்கொள்ளும் பங்கே மறைமுகச் செலவு. மற்ற கூட்டாட்சி நிறுவனங்களில் பல்கலைக்கழகம் பேசி முடித்த மறைமுகச் செலவு விகிதத்தை அப்படியே போட்டுப் பழகியவர்கள் இங்கே வழுக்குவார்கள். ஆஃப்ரியில் மறைமுகச் செலவு, வழங்கப்படும் மொத்தக் கூட்டாட்சித் தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இந்த 30 விழுக்காடு மொத்தத்தின் மேல்தான், நேரடிச் செலவின் மேல் இல்லை. நேரடிச் செலவின் மேல் பார்த்தால் அது 42.857 விழுக்காடு.

இதோடு முடியவில்லை. பல்கலைக்கழக விகிதப்படி வரும் தொகை, இந்த உச்சவரம்புப்படி வரும் தொகை இரண்டையும் கணக்கிட்டு, எது குறைவோ அதையே கேட்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: நேரடிச் செலவு 4,20,000 டாலர். அதில் கருவி 60,000, ஆராய்ச்சி மாணவரின் கல்விக் கட்டணம் 45,000. பல்கலைக்கழக விகிதம் 50 விழுக்காடு, ஆனால் கருவிக்கும் கல்விக் கட்டணத்துக்கும் அது பொருந்தாது. ஆக அடிப்படைத் தொகை 3,15,000, மறைமுகச் செலவு 1,57,500. உச்சவரம்புப்படி பார்த்தால் 1,80,000 வரும். குறைவானது 1,57,500 என்பதால் அதுவே சரி. மொத்தம் 5,77,500.

இந்த இடத்தில் நேராக 1,80,000 போட்டு மொத்தத்தை 6,00,000 ஆக்கியவர், கேட்க உரிமையில்லாத பணத்தைக் கேட்பதோடு தன் ஆய்வுக்கு வரவேண்டியதையும் விட்டுவிடுகிறார். சரியாகக் கணக்கிட்டிருந்தால் அதே 6,00,000க்குள் நேரடிச் செலவை 15,000 டாலர் கூட்டியிருக்கலாம்; அதற்குரிய மறைமுகச் செலவு 7,500 சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். ஒரு கோடைப் பருவத்துக்குக் களப்பணியாளர் கூலிக்கு அது உதவியிருக்கும்.

மாறாக, கருவியும் கல்விக் கட்டணமும் இல்லாத பட்ஜெட்டில் 4,20,000 மீது 50 விழுக்காடு போட்டால் மறைமுகச் செலவு 2,10,000, மொத்தம் 6,30,000. அதில் மறைமுகத்தின் பங்கு மூன்றில் ஒன்று. 30 விழுக்காட்டு வரம்பு உடைந்துவிட்டது.

ஆய்வின் ஒரு பகுதியை வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கும் துணை ஒப்பந்தங்கள் இருந்தால் இன்னும் ஒரு முடிச்சு. முதன்மைப் பல்கலைக்கழகமும் துணை நிறுவனங்களும் எடுக்கும் மறைமுகச் செலவுகள் சேர்ந்துதான் அந்த 30 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். அதை உறுதி செய்வது முதன்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. கூடவே, துணை ஒப்பந்தத் தொகையில் முதல் 25,000 டாலருக்கு மட்டுமே மறைமுகச் செலவு எடுக்கலாம் என்று இருந்தது, 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த திருத்தத்தில் 50,000 ஆனது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விகித ஒப்பந்தம் எதைப் பின்பற்றுகிறது என்று மானிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2025இல் சில கூட்டாட்சி நிறுவனங்கள் மறைமுகச் செலவை 15 விழுக்காட்டில் நிறுத்தப் பார்த்து விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஆகவே மேலே சொன்ன கணக்கு முறையைப் பழகிக்கொண்டு, விகிதத்தை மட்டும் அந்தந்த ஆண்டு ஆர்எஃப்ஏவிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

பட்ஜெட்டில் இன்னும் மூன்று. பசுமைக்குடில் கட்டுவது, பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பது போன்றவற்றுக்கு ஆஃப்ரி பணம் கிடையாது. திட்ட இயக்குநர்களின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்வரும் பயணச் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பயன்பாட்டு ஆராய்ச்சி ஒரு குறிப்பிட்ட விளைபொருளை மட்டும் சார்ந்து, நாடு முழுமைக்கும் பொருந்தாததாகவும் இருந்தால், மானியத்துக்கு ஈடாக டாலருக்கு டாலர் பல்கலைக்கழகத் தரப்பிலிருந்தும் இணைத்தொகை காட்ட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட திட்டமென்றால் துறைத்தலைவரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது, கடைசி நாளில் ஒரு டீனும் கையெழுத்துப் போடமாட்டார்.

திட்ட விளக்கத்தில் சறுக்கும் இடங்கள்

வழக்கமான ஆராய்ச்சி மானியத்துக்குத் திட்ட விளக்கம் 18 பக்கம், படங்களும் அட்டவணைகளும் அதற்குள்ளேயே. எழுத்தின் அளவு 12 புள்ளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம். இடம் போதவில்லை என்று வரைபடத்தில் எழுத்தைப் பொடியாக்கினால், ஒரு குவியல் விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டும் மதிப்பாய்வாளர் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். சுருக்கம் 250 சொற்கள், தரவு மேலாண்மைத் திட்டம் 2 பக்கம்.

விளக்கத்தில் அறிமுகம், தேவையும் முக்கியத்துவமும், அணுகுமுறை என மூன்று பகுதிகள். அடிப்படை அறிவியலிலிருந்து வருபவர்கள் நடுப்பகுதியை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். குழு மதிப்பிடுவது அறிவியல் தரம், ஆட்களின் தகுதியும் வசதிகளும், திட்டத்தின் பொருத்தம் ஆகிய மூன்றை. கடைசியில் உள்ள பொருத்தம் என்பது, இது அமெரிக்க வேளாண்மையின் எந்தப் பிரச்சினையைத் தொடுகிறது, ஆர்எஃப்ஏவின் எந்த முன்னுரிமை வரிக்குப் பதில் சொல்கிறது என்பதுதான். அந்த வரியைக் குறிப்பிட்டு, உங்கள் ஒவ்வொரு நோக்கமும் அதற்கு எப்படிப் பொருந்துகிறது என்று நேராக எழுதுங்கள். குழுவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று விடுவது ஆணவமாகவே படும்.

அணுகுமுறையில் அடிக்கடி விழும் அடி, நோக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது. முதல் நோக்கத்தில் மரபணு கிடைத்தால்தான் இரண்டாவது, இரண்டாவது நடந்தால்தான் மூன்றாவது என்றால், முதலாவது சறுக்கும்போது மூன்று ஆண்டுப் பணமும் போச்சு. மரபணு கிடைக்காவிட்டாலும் நடக்கக்கூடிய ஒரு நோக்கமாவது வேண்டும். எங்கே தடுக்கலாம், தடுத்தால் மாற்று என்ன என்பதையும் ஒரு பத்தியில் சொல்லியாக வேண்டும்.

வயல்வெளி ஆய்வுகளில் காலக்கணக்கு இன்னொரு பொறி. அயோவாவில் மக்காச்சோளம் ஏப்ரல் கடைசியிலும் மேயிலும் விதைப்பார்கள். பணம் ஜூலையில் வந்தால் முதல் ஆண்டின் விதைப்புப் பருவம் போய்விட்டது. மூன்று ஆண்டுத் திட்டத்தில் மூன்று பருவம் என்று அட்டவணை போட்டிருந்தால் உண்மையில் கிடைப்பது இரண்டு. மறுசெய்கை எண்ணிக்கை, எத்தனை இடங்கள், எத்தனை ஆண்டுகள் என்பவற்றை அந்த இரண்டை வைத்தே தீர்மானியுங்கள். புள்ளியியல் பகுதியில் மென்பொருளின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எந்த மாதிரி, எது நிலையான காரணி, எது சமவாய்ப்புக் காரணி என்று எழுதினால்தான் எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்று குழு நம்பும்.

யார் எதற்குத் தகுதி

புதிய ஆய்வாளர் பிரிவில் சேர, பட்டத்துக்குப் பிந்தைய பணிவழி அனுபவம் 5 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். முன்பே போட்டி முறையில் கூட்டாட்சி ஆராய்ச்சி மானியம் வாங்கியிருந்தால், பொதுவாக வாசல் அடைபடும். சேர்ந்த முதல் ஆண்டில் ஏதோ ஒரு சிறு மானியத்துக்கு அவசரப்படும் முன் இதை யோசிக்க வேண்டும்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து முனைவர் படிப்புக்கு அமெரிக்கா போனவர்கள் கவனிக்க: முனைவர் மாணவர், முதுமுனைவர் நல்கைகள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. மாணவர் விசாவில் இருப்பவர் அதற்கு விண்ணப்பம் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் வழக்கமான ஆராய்ச்சி மானியத்தில் விண்ணப்பதாரர் பல்கலைக்கழகம்தான் என்பதால், எச்1பி வேலை விசாவில் உள்ள உதவிப் பேராசிரியர் திட்ட இயக்குநராக இருக்கலாம்.

இணைப்புகளும் கடைசி நாளும்

உங்கள் விண்ணப்பத்தை யார் மதிப்பாய்வு செய்யக்கூடாது என்று காட்டும் நலமுரண் பட்டியலை எளிதாக நினைத்துக் கடைசி இரவுக்குத் தள்ளுகிறார்கள். முக்கியப் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் கடந்த 3 ஆண்டுகளில் சேர்ந்து எழுதியவர்கள், கூட்டாக ஆய்வு செய்தவர்கள், நெறியாளர்கள், மாணவர்கள் பெயரைத் தர வேண்டும். மரபணுத்தொகுதிக் கட்டுரை ஒன்றில் எண்பது பேர் இருந்தால் எண்பது பெயரும் வரும். இதை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். எல்லா இணைப்பும் பிடிஎஃப்பாக இருக்கட்டும், பல கோப்புகளை ஒன்றில் சுருட்டும் போர்ட்ஃபோலியோ வகை வேண்டாம்.

விண்ணப்பத்தை கிராண்ட்ஸ்.கவ் என்ற கூட்டாட்சி மானியத் தளத்தில் பதிவேற்றுவது நீங்கள் அல்ல, பல்கலைக்கழகத்தின் அதிகாரம் பெற்ற பிரதிநிதி. நிஃபாவின் கெடு மாலை 5 மணி, கிழக்கு நேரம். கலிஃபோர்னியாவில் அப்போது பகல் 2. சின்னப் பல்கலைக்கழகமாக இருந்தால் கூட்டாட்சிப் பணம் பெறத் தேவையான சாம்.கவ் தளப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று ஒரு மாதம் முன்பே கேளுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது, காலாவதியானால் ஓரிரு நாளில் சரியாகாது. அனுப்பிய பிறகு 'பெறப்பட்டது' என்று வரும் மின்னஞ்சலோடு நின்றுவிடாமல், 'சரிபார்க்கப்பட்டது' என்ற அடுத்த மின்னஞ்சல் வரும்வரை காத்திருங்கள். பிழை இருந்தால் அதில்தான் தெரியும், கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பியிருந்தால்தான் திருத்தி மறுபடி அனுப்ப நேரம் இருக்கும்.

கிடைக்கவில்லையென்றால் தனித்தனி மதிப்பாய்வுகளும் குழுவின் சுருக்கமும் உங்களுக்கு வரும். அடுத்த ஆண்டு மறுபடி அனுப்பும்போது முந்தைய மதிப்பாய்வுக்கான பதிலுக்கு ஒரு பக்கம் தனியாக உண்டு. அதை வாதாடப் பயன்படுத்தாதீர்கள். புதிய குழுவில் பழைய ஆட்கள் ஓரிருவர் இருக்கலாம், யாருமே இல்லாமலும் இருக்கலாம். பழைய குறையை ஒரு வரியில் சொல்லி, எந்தப் பக்கத்தில் எப்படி மாற்றியிருக்கிறோம் என்று அடுத்த வரியில் சொன்னால் போதும். மூன்று மதிப்பாய்வாளர்களில் ஒருவர் மட்டும் சொன்ன குறையும் குழுச் சுருக்கத்தில் ஏறியிருந்தால், பதிலில் அதற்கே முதலிடம் கொடுங்கள்.