பஸ் காசிலிருந்து எழுதத் தொடங்குங்கோ

திருகோணமலையில் ஒரு சின்ன மாதர் அமைப்புக்குப் பதினொரு வருசமாக நான்தான் செயலாளர். மண்டபம் முதலான தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து திரும்பி வந்த குடும்பங்கள், அவர்களுடைய குமர்ப்பிள்ளைகள், இவர்களோடுதான் எங்கட வேலை. உள்ளூர் அறக்கட்டளையிடம் எப்படிக் காசு கேட்பது என்று மற்றச் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பதிவுச் சான்றிதழ், யாப்பு (அமைப்பின் விதிகள்), இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, கடைசிக் கணக்கறிக்கை, கூட்டக் குறிப்புக் கொப்பி: இவ்வளவையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கோ. இலங்கையில் தொண்டு அமைப்புகளைப் பதிவது 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். பதிவு இன்னும் கைக்கு வரவில்லையென்றால், பதிவுள்ள ஒரு பெரிய அமைப்போடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் காசு யாருடைய கணக்குக்கு வரும், கணக்கை யார் காட்டுவது என்பதை முதலே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கோ.

யாரிடம் கேட்பது? 1999 இல் கொல்லப்பட்ட சட்டத்தரணியும் நாடாளுமன்ற உறுப்பினருமான நீலன் திருச்செல்வத்தின் பெயரில் ஒரு அறக்கட்டளை கொழும்பில் இருக்கிறது. பெண்களுக்கென்றே நிதி கொடுக்கும் விமன்ஸ் ஃபண்ட் ஏசியாவும் அங்கேதான், 2004 இல் தெற்காசியப் பெண்கள் நிதியமாகத் தொடங்கியது. எதற்குக் கொடுக்கிறார்கள், எப்போது விண்ணப்பம் கேட்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டு எழுதுங்கோ. ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பத்து இடத்துக்கு அனுப்ப வேண்டாம். படிப்பவருக்கு அது முதல் பக்கத்திலேயே விளங்கிவிடும்.

என்னுடைய முதல் புரொப்போசலில் (திட்ட விண்ணப்பத்தில்) மூன்று பக்கம் போரும் சுனாமியும் இடப்பெயர்வும்தான். அது திரும்பி வந்தது. “நீங்கள் செய்யப்போவது என்ன?” என்று ஒரு வரி கேட்டிருந்தார்கள். அன்று மனம் நொந்தது. ஆனால் கேள்வி சரி.

விடை எனக்குத் திருகோணமலை டவுனுக்கு வடக்கே, குச்சவெளிப் பக்கத்தில் கிடைத்தது. டவுனில் தையல் வகுப்பு நடத்தினோம். பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், மூன்றாம் கிழமை வரவுப் பதிவில் ஏழு பேர். வராமல் நின்ற ஒரு பிள்ளையின் குச்சவெளி வீட்டுக்குப் போனேன். தாய் முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. எழும்பி வந்து காசு போட்டு வைக்கும் ஒரு பால்மா டின்னைத் திறந்து காட்டினா. “டீச்சர், கிழமைக்கு மூன்று நாள் பஸ் காசு, மத்தியானம் பிள்ளைக்கு ஒரு பணிஸ். இதுக்குள்ளதான் அரிசியும் வாங்கோணும்.” தையல் மெஷினுக்கும் துணிக்கும் காசு வைத்த நான், முப்பது கிலோமீற்றருக்கு மேல் வாற பிள்ளையின் பயணத்துக்கு ஒரு சதமும் வைத்திருக்கவில்லை.

அடுத்த முறை பட்ஜட்டின் முதல் வரியே பயணச் செலவு: எத்தனை பிள்ளை, எந்த ஊர், எத்தனை நாள், ஒரு நாளுக்கு எவ்வளவு. வகுப்பையும் கடைசி பஸ்ஸுக்கு முன் முடியும்படி மாற்றினோம். கைக்குழந்தையோடு வருபவருக்குப் பிள்ளை பார்க்க ஒரு அக்கா, அவவுக்குச் சம்பளம். திரும்பி வந்த குடும்பங்களுக்கென்று இன்னொரு வரி: இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, குடியுரிமைப் பத்திர வேலைக்குப் போய் வாற செலவு, போட்டோப் பிரதி, சத்தியக் கடதாசி. பத்திரம் இல்லாத பிள்ளைக்கு அடையாள அட்டை எடுப்பதே பெரும் பாடு. பிறகு எப்படி வேலைக்குப் போவது? இந்த விளக்கத்தைப் பட்ஜட்டுக்குக் கீழேயே இரண்டு வரியில் எழுதுங்கோ. அந்த முறை நிதி கிடைத்தது.

தனியார் பஸ்ஸில் பல நேரம் டிக்கெட் தரமாட்டார்கள். அதனால் திகதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தொகை, கையெழுத்து என்று ஒரு தாள் அச்சடித்து, அதை ஏற்பார்களா என்று ஒப்பந்தத்துக்கு முன்னரே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கோ. ஒரு வரியில் மிஞ்சும் காசை இன்னொரு வரிக்கு மாற்றுவதென்றாலும் செலவழிக்க முன்னர் அனுமதி கேளுங்கோ.

அறிக்கையில் பிள்ளைகளின் முகமும் முழுப்பெயரும் வேண்டாம். ஊர் சின்னது, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது அந்தப் படம் அவர்களைத் தேடி வரும். வரவுப் பதிவும், தைத்து முடித்த உடுப்பின் படமும் போதும் என்று நான் கேட்ட எல்லா இடத்திலும் ஒத்துக்கொண்டார்கள்.

அனுப்புவதற்கு முதல் நாள் பட்ஜட்டை அந்தப் பிள்ளைகளுக்கே வாசித்துக் காட்டுங்கோ. போன முறை அப்படி வாசித்தபோதுதான், “அக்கா, மழை நாளில் சந்தியில இருந்து ஓட்டோ பிடிக்கோணுமே” என்று ஒருத்தி சொன்னாள். மார்கழி, தை மாதங்களுக்கு அதையும் சேர்த்தோம்.